மூன்றாவது பிரிண்ட்

ரிப்போர்ட்டை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார் சீஃப் டாக்டர். லேப் அக்கா போய், அதே ரிப்போர்ட்டை மறுபடி பிரிண்ட் எடுத்து வந்து அவர் மேஜையில் வைத்தாள்.

அதையும் கிழித்தார். மூன்றாவதைக் கொண்டு வந்தாள்.

சீஃப்புக்குக் காலையிலிருந்தே தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வார்டு முழுக்கக் காய்ச்சல்காரர்கள். கட்டில் போதாமல் வராண்டாவிலும் பாய் விரித்தாகிவிட்டது. இதில் இவள் வேறு.

"ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? ரத்த அணுவை எண்ணி நம்பரைக் கொடுக்கிறது உன் வேலை. என்ன நோய்னு சொல்றது என் வேலை. 'மலேரியா சந்தேகம்'னு அடியில எழுத உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?"

"நம்பர்தான் சார் சொல்லுது. பிளேட்லெட் அறுபதாயிரம்."

"எந்த வைரஸ் காய்ச்சல்லயும் அது இறங்கும். டெங்குவா இருக்கும்."

"டெங்கு முத்தினா ரத்தம் கெட்டிப்படும் சார். இதுல சிவப்பணு குறைஞ்சிருக்கு. டெங்கு டெஸ்ட்டும் போட்டுட்டேன், நெகட்டிவ். இந்தப் புள்ளிப் படத்தையாவது பாருங்க."

வெள்ளை அணுக்களை வகை பிரித்து மெஷின் போட்டுத் தரும் படம் அது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு புள்ளிக் கூட்டம். யாருமே இருக்கக் கூடாத மூலையில் ஒரு கூட்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"மெஷின்ல தூசி இருக்கும்."

"போன மாசம் அந்த லாரி டிரைவருக்கும் இதையேதான் சொன்னீங்க."

சீஃப்பின் முகம் சிவந்தது. அந்த டிரைவரின் ரிப்போர்ட்டிலும் அவள் இதே வரியை எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். நான்காம் நாள் நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள், சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

"அவரோட சம்சாரம் என்கிட்ட வந்து, 'ரத்தத்துல ஒண்ணுமே தெரியலையாம்மா'ன்னு கேட்டாங்க சார். தெரிஞ்சுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இன்னொரு தடவை என்னால அப்படி நிக்க முடியாது."

சீஃப் விருட்டென்று எழுந்தார். ஆத்திரத்தில் கால் தடுமாறியது; மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற அத்தனை பேரும் வருஷ செக்கப்புக்கு ரத்தம் கொடுத்திருக்கோம். எல்லாம் லேப்ல குவிஞ்சு கிடக்கு. நீ ஒத்தை ரிப்போர்ட்டைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்க! யாரும்மா அது? பேரை வேற மை பூசி மறைச்சிருக்க?"

"பேரைப் பார்த்தா, மைக்ராஸ்கோப்புல ரத்தம் தடவி வச்சிருக்கிற ஸ்லைடை நீங்க பார்க்க மாட்டீங்க."

"ஓஹோ, உன் வீட்டுக்காரரா? தம்பியா? சொந்தக்காரனுக்குக் கட்டில் பிடிக்கத்தான் இத்தனை ஆட்டமா?"

"சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. சொல்லப்போனா அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"அப்புறம் உனக்கென்ன வந்தது? போய் வேலையைப் பாரு. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!"

லேப் அக்கா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினாள். மூன்றாவது பிரிண்டின் மேல் வைத்தாள்.

"எடுத்துக்கங்க சார். ஆனா ஸ்லைடைப் பார்த்துட்டு எடுத்துக்கங்க. அதுவரைக்கும் நான் இந்த ரூமை விட்டு நகர்றதா இல்ல. செக்யூரிட்டியைக் கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்க."

வாசலில் இரண்டு நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். முப்பது வருட சர்வீஸில் யாரும் அவர் முன்னால் இப்படி நின்றதில்லை. எல்லோர் எதிரிலும் இவள் கொட்டத்தை அடக்கினால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது.

"சரி, வா. ஒண்ணும் இல்லேன்னு வை, அத்தனை பேர் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கணும்."

"கேட்கிறேன் சார்."

லேப்பில் மைக்ராஸ்கோப் தயாராக இருந்தது. குனிந்து கண்ணை வைத்தார். திருகைத் திருப்ப, மங்கல் விலகிச் சிவப்பணுக்கள் தெளிவாக எழுந்து வந்தன.

ஒன்றுக்குள் மெல்லிய மோதிரம்போல் ஒரு கிருமி. பக்கத்தில் இன்னொன்று. அடுத்ததில், ஒரே அணுவுக்குள் இரண்டு மோதிரங்கள். ஸ்லைடைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். போன இடமெல்லாம் மோதிரம்.

நிமிர வெகுநேரம் பிடித்தது.

"மலேரியாதான்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "அதுவும் மூளைக்கு ஏறுற ரகம். அந்த டிரைவருக்கும்... இதேதானா?"

"அவர் ஸ்லைடும் இருக்கு சார். பார்க்கிறீங்களா?"

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டபோது பழைய டாக்டர் திரும்பியிருந்தார்.

"இந்த ஆளை உடனே அட்மிட் பண்ணணும். ஒரு நிமிஷம் வீணாக்கக் கூடாது. எனக்கு ஒண்ணுமில்லன்னு அடம் பிடிச்சா விடாதீங்க, கட்டிப் போட்டாவது ஊசியை ஏத்துங்க. இது என் ஆர்டர்!"

"நீங்க இதைச் சொல்லணும்னுதான் சார் காத்திட்டிருந்தோம்," என்றாள் பின்னாலேயே வந்திருந்த ஒரு நர்ஸ். வெளியே நிறுத்தியிருந்த சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள். அது காலியாக இருந்தது.

"ஆள் எங்கே?" என்று கதவுப் பக்கம் பார்த்தார் சீஃப்.

லேப் அக்கா நாற்காலியை வாங்கி, அவருக்குப் பின்னால் கொண்டு வந்து நிறுத்தினாள்.

"அது உங்க ரத்தம்தான் சார், உட்காருங்க."