வைரஸ் டாக்டர்

"அம்மன் பாட்டுலதான் வந்திருக்குதுங்க சார். கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்!"

கீர்த்திவாசன் கண்ணை ஒன்றும் மூடவில்லை. கிளார்க் ராஜகுமாரியை முறைத்துக்கொண்டேதான் சொன்னான். குன்னூர் வட்டாரத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். விசிட்டிங் கார்டிலேயே 'வைரஸ் டாக்டர்' என்று அச்சடித்திருந்தான். ஸ்டெதஸ்கோப் படம் வேறு.

டெம்பரவரியாக இருந்த ராஜகுமாரியை இந்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சிவகுரு வாக்குக் கொடுத்திருந்தார். பர்மனென்ட் ஆனால் ஒழுகாத கூரையோடு ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். அவள் மாமியார் ஏற்கெனவே ஜன்னலுக்குத் திரைத்துணி பார்க்கத் தொடங்கிவிட்டாள். இந்த நேரம் பார்த்து, காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபோல்டர் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி! எதை அமுக்கினாலும் திறக்கவில்லை. ஏலத்துக்கு அனுப்பவேண்டிய தேயிலை விவரமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

"ஏம்மா, இதுல நீ பென்டிரைவ் சொருகினியா?" என்றார் சிவகுரு. கோயம்புத்தூரிலிருந்து முதலாளி போனில் காய்ச்சி எடுத்த சூடு இன்னும் அவர் காதில் இருந்தது.

"திருவிழாவுக்கு முன்னால ஒருக்கா சொருவுனேனுங்க சார். மைக்செட்டுக்குப் பாட்டு ஏத்தறதுக்கு..."

"பார்த்தீங்களா!" கீர்த்திவாசன் தொடையைத் தட்டினான். "ஆட்டோ, மைக்செட், கல்யாண வீடியோன்னு ஊரு எச்சில் பூரா பட்ட பென்டிரைவுங்க அது. சாமி பாட்டு இருந்தா வைரஸ் பயந்து ஓடிருமுங்களா?"

"போன மாசம் சொருவுனது இன்னிக்கா வேலையைக் காட்டும்?" ராஜகுமாரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இந்த ரகம் அப்படித்தானுங்க அக்கா. உள்ள வந்து கொஞ்ச நாள் சத்தமில்லாம படுத்துக் கிடக்கும். அப்புறமா எந்திரிச்சு ஆடும்."

சிவகுரு மேஜையைக் குத்தினார். "ஆருன்னு மட்டும் காட்டுங்க கீர்த்தி. நாளையிலிருந்து அவங்க இந்த ஃபேக்டரி கேட்டுக்குள்ள கால் வைக்கப்படாது. ஆரா இருந்தாலும் சரி!"

கீர்த்திவாசன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வைத்தியத்தோடு கதாகாலட்சேபமும் ஆரம்பமானது.

"இது ஸ்கிரிப்ட் வைரஸுங்க. பெரிய கம்பசூத்திரம் எல்லாம் இல்லை, வெறும் எழுத்து. பேரு கடைசியில வி.பி.எஸ்.னு வால் வெச்சிருக்குது பாருங்க, இவன்தான் ஆளு. உங்க ஃபோல்டரையெல்லாம் ஒளிச்சு வெச்சுட்டு, வாசல்ல டூப்ளிகேட்டை நிறுத்தியிருக்கான். அதுக்குத்தான் அந்த அம்புக்குறி."

முதலில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டை நிறுத்தினான். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக எழுந்திருக்கும் இடத்திலிருந்து அதன் பெயரை அழித்தான். ஃபைலையும் ஒழித்துக்கட்டினான். கறுப்புத் திரையில் ஏதோ தட்டினான். ஒளிந்திருந்த ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றிலும் அம்பு இல்லை.

ராஜகுமாரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆயிரம் அலட்டினாலும் மனுஷன் வேலைக்காரன்தான் என்று ஒத்துக்கொண்டாள். இதோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் அவனுக்கு இஞ்சி டீ கூடப் போட்டுக் கொடுத்திருப்பாள்.

கிளம்பவில்லை.

"சாட்சி வேண்டாமுங்களா சார்? இவனுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள மொத மொதல்ல நுழையறப்போ, 'பென்டிரைவ் வழியா வந்தேன், இன்ன தேதியில வந்தேன்'னு அவனே குறிச்சு வெச்சுருவான். மனுஷன் பொய் சொல்லலாம், இது சொல்லாதுங்க."

எங்கெங்கோ போய் எதையோ திறந்தான். "இதோ! பதினெட்டாம் தேதி, போன மாசம். காலையில பத்து மணி வாக்குல."

ராஜகுமாரி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். உடனே நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"சார், அன்னிக்குத்தான் நம்ம எஸ்டேட் மாரியம்மன் திருவிழா! ஃபேக்டரிக்கே லீவுங்க சார்! நான் தீச்சட்டி எடுத்தேன், நீங்களே பார்த்தீங்களே. விடியறதுக்கு முன்னால ஆத்தங்கரைக்குப் போனவ, ஊட்டுக்குத் திரும்பறப்போ சாயங்காலம்!"

இன்னும் மறையாத கொப்புளத் தழும்புகளோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். தீச்சட்டி எடுத்த பலன் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கீர்த்திவாசனுக்கு முகம் ஒரு கணம் தொங்கியது. ஒரே கணம்தான். எஸ்டேட் கோயில் லீவு எஸ்டேட்டுக்கு மட்டும்தானே? வெளியூர்க்காரன் அவனுக்கு அந்தத் தேதி எங்கே ஞாபகம் இருக்கும்? இப்போது தெரிந்ததும் கண்ணில் புது வெளிச்சம் வந்தது.

"அப்போ விஷயம் இன்னும் பெருசுங்க சார். லீவு நாள்ல, ஊரே கோயில்ல இருக்கறப்போ, ஆபீசைத் தொறந்து கள்ளத்தனமா இதுல பென்டிரைவ் சொருகியிருக்காங்க! சாவி ஆருகிட்டங்க இருக்குது?"

சிவகுரு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"என்கிட்டத்தான்."

"அடடே!" கீர்த்திவாசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "சார், நீங்களா? படம் கிடம் பார்க்கலாம்னு... பரவாயில்லைங்க சார், நான் வெளிய மூச்சு விட மாட்டேன்."

ராஜகுமாரி குனிந்து இல்லாத ஒரு பேனாவைத் தேடினாள். சிரிப்பை வேறு எங்கே வைப்பது?

சிவகுரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை நிதானமாகப் பார்த்தார்.

"அன்னிக்கு ஆபீசைத் தொறந்தது நான்தானுங்க கீர்த்தி. 'புது பிரிண்டரை இன்னிக்கே மாட்டிடறேன்'னு வந்து நின்னீங்க. கோயில்ல இருந்து பாதியில ஓடி வந்து உங்களுக்குத்தான் தொறந்து உட்டேன். அன்னிக்கு இதுல ஏறுனது உங்க பென்டிரைவ் ஒண்ணுதானுங்களே!"