குளம் தாண்டிய பந்து

போட்டி முடிந்து, கிளப்பில் எல்லாரும் டீயும் பஜ்ஜியுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் கிடந்த கோல்ஃப் பந்துக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. காலையில் முதலாளி இடுப்பை வளைத்து நெளித்து, மூச்சுப் பிடித்து ஓங்கி அடித்தபோது அது நாலடி உருண்டு முட்புதரில் விழுந்தது. இப்போதோ அவர், "அடிச்சேன் பாருங்க, குளத்தையே தாண்டிருச்சு!" என்கிறார்.

"எந்தப் பந்தைச் சொல்றாரு?" என்று பக்கத்தில் கிடந்த கையுறையைக் கேட்டது பந்து.

"உன்னைத்தான்."

"அப்ப புதர்ல விழுந்தது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? சும்மா கிட."

பந்து தன் மேலிருந்த முள் கீறலைப் பார்த்துப் பார்த்துக் குழம்பியது. இரண்டாவது டீ வந்தபோது முதலாளியின் பேச்சில் அது குளத்தோடு தென்னந்தோப்பையும் தாண்டிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பந்து கையுறைப் பக்கம் மெல்ல உருண்டு வந்தது.

"எதிர்காத்து மட்டும் இல்லேன்னா, இன்னும் போயிருப்பேன்."