கால் நொடித் தாமதம்

“நீ தொடாதம்மா! அறுத்து வச்சிருவ. நானே மாட்டுதேன்.” புராஜெக்ட் வழிகாட்டி பூதலிங்கம் சார், இரண்டு கணினியையும் இணைக்கும் மஞ்சள் வயரை முஃபீதாவின் கையிலிருந்து பிடுங்கினார். அதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். தேர்வாளரை வரவேற்கச் சார் அப்படியே ஓடினார்.

முஃபீதா பல்லைக் கடித்தபடி தன் கணினி முன்னால் உட்கார்ந்தாள். மேலப்பாளையத்தில் வாப்பாவுக்கு நாலு தறி. தறிச் சத்தம் ஓயாத அந்த வீட்டில் மெதுவாகப் பேசினால் சோறுகூடக் கிடைக்காது. அந்த வீட்டிலிருந்து வரப்போகும் முதல் இன்ஜினீயர் அவள். இன்று தேறினால் பெங்களூரில் வேலை.

பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணாக்கிச் சுருக்கி, அடுத்த அறைக் கணினிக்கு அனுப்புவதுதான் அவள் புராஜெக்ட். ஒவ்வொரு துண்டும் நிறையும்வரை கணினி காத்திருக்கும். அதனால் குரல் அரை நொடி பிந்தி வரும். துண்டுகளைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி, மூன்று மாதத்தில் அதை ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இரண்டு அறைக்கும் நடுவில் கூரையை எட்டாத ஆளுயரப் பலகைத் தட்டி, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் காந்திமதிநாதன், அந்தப் பக்கம் ஒலிபெருக்கிப் பெட்டி அருகில் உட்கார்ந்தார்.

“உன் உதட்டைப் பார்த்துக்கிட்டே கேப்பேன்மா. கால் நொடி பிந்தினாலும் ஃபெயில்தான்.”

“கேக்கா சார்? ஒண்ணு… ரெண்டு… மூணு…” முஃபீதா மைக்கில் பேசினாள்.

காந்திமதிநாதன் துள்ளி எழுந்தார். “உதடும் சத்தமும் ஒண்ணா வருதே! மெஷின் கரகரப்புகூட இல்லை. பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கு!”

முஃபீதாவுக்கே விளங்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு நொடி பிந்த வேண்டுமே, அது எங்கே போச்சு?

“எல்லாம் என் யோசனை சார்” என்று அவர் அருகில் நின்ற பூதலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. இந்தப் பிள்ளைக்கு வாய் மட்டுந்தான் பெருசு.”

“அப்போ இவ என்னதான் பண்ணினா?”

“மைக்கப் பிடிச்சா.”

தேர்வாளரின் பேனா முஃபீதாவின் மதிப்பெண்ணை அடித்து அடித்துக் குறைத்துக்கொண்டே போனது. முஃபீதாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. விடுவிடுவென்று தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். கைகளை வீசி வீசி விளக்கிக்கொண்டிருந்த சாரை மேலும் கீழும் பார்த்தாள்.

பிறகு, நாலு தறியும் ஒன்றாக ஓடுவதுபோல் குரலை ஏற்றினாள்.

“சார், அந்த வயரு இன்னும் உங்க கையிலதான் இருக்கு!”