பூட்டுக்கு வரவேண்டிய எண்ணெய்

பூட்டின் பிழைப்பைக் கெடுத்தது அந்தச் செல்போன்தான். அது வந்ததும் மாசிலாமணி தன் ரகசியங்களை எல்லாம் அதனிடம் கொடுத்துவிட்டார். முப்பது வருடம் அவருடைய பெட்டியைக் காத்த பூட்டுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் நின்றுபோனது.

"என்னைத் திறக்க ஆறு எண் வேண்டும், பெரிசு. உனக்கு ஒரு கொண்டை ஊசி போதும்," என்றது செல்போன்.

"நேற்று அவர் உன்னிடம்தானே முழங்கால் வலிக்கு மருந்து தேடினார்? காலையில் நாலு தைலக்காரர்கள் கூப்பிட்டார்களே, அவர்களுக்கு யார் சொன்னது?" என்று பூட்டு கேட்டது.

செல்போன் தன் திரையை அணைத்துக்கொண்டது.

அன்று மாலை மாசிலாமணி, மறந்துவிடுமோ என்று பயந்து, அந்த ஆறு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இனி உன் மானம் என் கையில், தம்பி," என்ற பூட்டு, அவர் காதில் விழட்டும் என்று நன்றாகக் கிறீச்சிட்டது.

அவர் செல்போனைத் துண்டால் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். எண்ணெய் இன்னும் வரவில்லை.