செம்புத் தகடு

1931 மழைக்காலம். தேங்காப்பட்டணமே ரசலையன் மேஸ்திரியை ஏசியது. அவர் கட்டிய தோணி ஒரே வருஷத்தில் நடுக்கடலில் பிளந்து, அதன் சொந்தக்காரர் மைதீன் கனி மூழ்கிப் போனார்.

“பழைய ஆணி அடிச்சுக் கொன்னுட்டீரே, ஓய்!” மைதீன் கனியின் வீட்டு முற்றத்தில் உறவுக்காரர்கள் ரசலையனின் தோள்துண்டைப் பிடித்து உலுக்கினார்கள்.

“அவரை விடுங்கோ” என்றான் மைதீன் கனியின் மகன் சலாஹுதீன். திருவனந்தபுரத்தில் ரசாயனம் படிப்பவன். கரையொதுங்கிய பலகையில் இருந்து அவன் உருவிய ஆணி ஊசியாய் மெலிந்திருந்தது. “ஆணி நல்ல ஆணிதான். தோணிக்கு அடியில செம்புத் தகடு போட்டதுதான் தப்பு. உப்புத்தண்ணியில செம்பும் இரும்பும் ஒட்டிக் கிடந்தா, இரும்பு தன்னாலே கரைஞ்சு போவும்.”

ரசலையனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உள்ளே, கணவனை இழந்து இத்தா என்னும் துக்கத் தனிமையில் இருக்கும் அவன் உம்மா ஹலீமா பீவியின் விசும்பல் திரைக்குப் பின்னால் சட்டென்று நின்றது.

“தகடு போடச் சொன்னது யாரு மேஸ்திரி? வாப்பாவா?”

ரசலையன் திரையைப் பார்த்தார்.

“இல்ல தம்பி. நானாத்தான் போட்டேன்.”

சலாஹுதீன் ஆணியை அவர் முகத்தில் விட்டெறிந்தான்.

ரசலையன் குனிந்தபடி படியிறங்கினார். போன வருஷம் அதே திரைக்குப் பின்னிருந்து ஒரு கை, இரண்டு பொன்வளையல்களை நீட்டியது.

“பலகையைப் புழு அரிக்காம செம்பு வாங்கி அடியுங்கோ மேஸ்திரி. பிள்ளை அறியாண்டாம். அவிய பத்திரமா கரைக்கு வந்தாப் போரும், எனக்கு வளையல் எதுக்கு?”