நடுவில் ஓர் ஆணி

அவள் மீனைத் தூக்கவில்லை.

முழங்கால் அளவு ஆற்றில் குந்தியிருந்து, ஒரு கையால் வாலடியையும் மறு கையால் வயிற்றையும் தாங்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தாள்.

செவுள்கள் திறந்தன. மூடின.

வெகுநேரம் கழித்து மறுபடி திறந்தன.

கரையில் நவநீதன் கைப்பேசியை நீட்டியபடி நின்றான். அவள் கணவன் குகதாசனின் கூட்டாளி. மீனுக்குப் போகும் நாள்களில் படம் எடுப்பதற்கென்றே கூட வருபவன்.

“அக்கா, இன்னொருக்காத் தூக்குங்கோ. முதல் படத்திலை அண்ணை கண்ணை மூடிட்டார்.”

குகதாசன் அவளுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மீனோடு நெடுநேரம் இழுபறிப்பட்ட களைப்பு. மீனுக்கும் அதே களைப்புத்தான். அதை யாரும் கேட்கவில்லை.

அது இந்த ஆற்றிலேயே பிறந்த பெண் சால்மன். கடலில் சில வருடம் திரிந்துவிட்டு, முட்டை போடப் பிறந்த இடத்துக்கே ஏறி வருகிறது. ஆற்றுக்குள் நுழைந்தபின் ஒன்றும் தின்னாது. உடம்பில் இருக்கிற பலம்தான் வழிச்செலவு. அதில் பாதியைக் குகதாசன் இழுத்தே தீர்த்துவிட்டான்.

இப்படியான மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, திரும்ப விட வேண்டும் என்பது இந்த ஆற்றின் சட்டம். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து குகதாசன் எந்தச் சட்டத்தையும் மீறியதில்லை. பிடிப்பான். தூக்குவான். சிரிப்பான். விடுவான்.

வரவேற்பறைச் சுவர் முழுக்க அந்தப் படங்கள். கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் மீன் பெரிதாகத் தெரியும் என்கிற வித்தையில் அவன் கெட்டிக்காரன். படத்துக்குப் படம் அவன் சிரித்துக்கொண்டிருப்பான், மீன் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். இந்த வருட மீனுக்கென்று போன கிழமையே சுவரின் நடுவில் ஆணி அடித்தாயிற்று.

அதே கிழமை அவள் ஆற்றைக் கவனிக்கும் தொண்டர்களோடு கீழ்க்கரையில் நடந்தாள். ஒதுங்கிக் கிடக்கும் மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். சால்மன் முட்டை போட்டால் செத்துத்தான் போகும். வயிறு வெறுமையாக இருந்தால் நல்ல சாவு.

அவள் கீறிய வயிறு வெறுமையாக இல்லை. முட்டை அத்தனையும் செம்மஞ்சளாக அப்படியே இருந்தது. இரண்டு கை கொள்ளவில்லை. வாயோரம் தூண்டில் கிழித்த காயம்.

வீட்டுக்கு வந்து சொன்னாள்.

“நான் விட்டதெல்லாம் நீந்திப் போனதுகள். அது வேறை ஆரோ பிடிச்சது” என்றான், சோற்றுக்குக் குழம்பை விட்டுக்கொண்டே.

அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. மீன் பிடிக்க ஒருநாளும் கூட வராதவள் இன்று வந்திருப்பது அதனால்தான்.

“தூக்குமப்பா” என்றான் குகதாசன். “ஒரு செக்கன்தானே.”

அவன் கை மீனுக்கு வந்தது. அவள் முழங்கையால் தள்ளிவிட்டாள்.

“முதலிலை நீங்கள் மூச்சைப் பிடியுங்கோ. நவம் படம் எடுத்து முடியுமட்டும் விடக்கூடாது. உங்களாலை ஏலுமெண்டால் நான் இதைத் தூக்கித் தாறன்.”

நவநீதன் சிரித்துவிட்டான்.

சிரித்ததுதான் பிழை. கூட்டாளிக்கு முன்னால் பின்வாங்குகிற ஆளில்லை குகதாசன். கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தான். போதாததற்கு மூக்கையும் பொத்திக்கொண்டான்.

நவநீதன் திரையைத் தட்டினான். ஈர விரலுக்குத் திரை அசையவில்லை.

“பொறுங்கோ அண்ணை.”

விரலைச் சட்டையில் துடைத்தான். சட்டையும் ஈரம்.

குகதாசனின் முகம் சிவந்தது. ஏற்கெனவே களைத்த நெஞ்சு. கண்கள் பிதுங்கின. அந்தக் கண்களால் அவளைப் பார்த்தான்.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போதும் என்று சொல்லவில்லை.

அவன் வாய் பிளந்தது.

திரை அந்த நேரம் பார்த்துத்தான் அசைந்தது.

அவள் கைகளுக்குள் மீன் துடித்தது. வால் மணிக்கட்டில் ஓங்கி அடித்தது. அவள் விரல்களை விரித்தாள். பச்சைத் தண்ணீருக்குள் ஓட்டத்தை எதிர்த்து மேலே போனது.

நீந்திப் போனது. அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. வரும் கிழமை மேல்கரையில் நடப்பாள், கத்தியோடு. கண்ணில் படுகிற வயிறெல்லாம் வெறுமையாக இருக்க வேண்டும்.

குகதாசன் முழங்கால்களைப் பிடித்துக் குனிந்து, ஆற்றங்கரைக் காற்றையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்.

நவநீதன் கைப்பேசியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

“படத்திலை மீன் விழேல்லை அக்கா. அண்ணை மட்டும்தான், வாயைப் பிளந்துகொண்டு. அழிச்சுப்போடுறன்.”

“அழிக்காதையும். எனக்கு அனுப்பும்.”

விறைத்த விரல்களை வாயருகே வைத்து ஊதினாள். படத்தைப் பெரிதாகப் போட்டு, நல்ல கண்ணாடிச் சட்டம் போட வேண்டும்.

ஆணி ஏற்கெனவே அடித்துத்தான் இருக்கிறது.