விழாத ரேகை

எல்லம்மாவின் கட்டைவிரலை மூன்றாவது முறையாக இங்க் பேடில் வைத்து அழுத்தினார் கிளார்க். சரி பார்ப்பதற்காக வைத்திருந்த பழைய தாளில் மூன்றாவது முறையும் ஓர் ஊதாத் திட்டுதான் விழுந்தது.

“இன்னாம்மா இது, ரேகையே காணோம்?”

எல்லம்மா சிரித்தாள். ரேஷன் கடை மெஷின் மாசாமாசம் சொல்வதைத்தான் இவரும் சொல்கிறார்.

எட்டு வயதிலிருந்து பழவேற்காடு ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவள். சிப்பியும் மணலும் சேர்ந்து விரல் நுனியை வழவழவென்று தேய்த்துவிட்டன. தோணிரேவுப் பக்கம் இந்தத் தொழில் செய்கிற எந்தப் பெண்ணின் கையை வேண்டுமானாலும் பிடித்துப் பாருங்கள், இதே லட்சணம்தான்.

மகள் சந்தியாவை சென்னையில் எம்.ஏ. வரலாறு சேர்க்க வந்திருந்தாள். இன்றுதான் கடைசி நாள். மணி நாலு ஐம்பது. ஐந்தடித்தால் உள்ளறையில் இருக்கும் கண்காணிப்பாளர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ரேகை தெளிவாக இல்லாத படிவத்தை அவர் தொடக்கூட மாட்டார்.

“அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வருமா? அவரைக் கூட்டினு வந்திருக்கலாமே.”

“வரும் சார்,” என்றாள் சந்தியா. நைனாவைக் கூட்டி வர அவளுக்குத்தான் மனசில்லை.

காலையில் நேர்காணலில், ஏன் வரலாறு என்று கேட்டார்கள். பழவேற்காட்டுப் பக்கம் என்று அவள் வாயைத் திறந்ததுமே பேராசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. டச்சுக்காரர் கோட்டை, டச்சுக்காரர் கல்லறை என்று அவரே அடுக்கினார். அவளும் ஆமாம் சார், ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். டச்சுக்காரனும் அவளும் என்ன மாமன் மச்சான் உறவா?

உண்மையான காரணம் அவளுடைய ஃபைலுக்குள் ஜெராக்ஸாக இருந்தது.

அவள் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முந்தைய பத்திரம். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரை ஓர் இறால் பண்ணைக்கு விட்டுக்கொடுக்கிறோம், இனி அங்கே இறங்க மாட்டோம் என்று பன்னிரண்டு பெண்கள் ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருக்கும். கீழே பன்னிரண்டு கட்டைவிரல் ரேகைகள். ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி சுழிசுழியாக அத்தனை தெளிவு. நாலாவது ரேகைக்குப் பக்கத்தில் எல்லம்மா என்று போட்டிருக்கும்.

எல்லம்மா அன்றைக்கு ஏரியில் இருந்தாள். மற்ற பதினொரு பேரும்தான். மறுநாளிலிருந்து அவர்கள் இறாலுக்காக நாலு கிலோமீட்டர் தள்ளி நடந்தார்கள். இன்றைக்கும் நடக்கிறார்கள்.

பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் சந்தியா அந்த ஜெராக்ஸைக் காட்டினாள். அவர் தேதியை மட்டும் பார்த்தார். இத்தனை வருஷம் ஆயிடுச்சு, இனிமே இது கேஸ் இல்லம்மா, சரித்திரம் என்று சிரித்துக்கொண்டே திருப்பி நீட்டினார்.

சரி, சரித்திரம் என்றால் சரித்திரம். அதையே படித்துத் தொலைக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி, பழைய காகிதங்களைப் புரட்டி, அந்தப் பன்னிரண்டும் யாருடைய விரல் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆளையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அந்த ஆளிடம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்று. கிடைத்த பதில் ஒரே வரி. ஆபீசு மூடுற நேரம், அவசரப்படுத்தினாங்கோ. அதெல்லாம் ஒரு பதிலா? நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பத்தேழு.

நல்ல மனிதர். வந்ததுமே எல்லம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர். பாவம், பொண்ணுக்கு ஒரு வருஷம் வீணாகிடும் என்று முணுமுணுத்தார். பிறகு தன் கட்டைவிரலை இங்க் பேடில் தேய்த்து, படிவத்தில் எல்லம்மா என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே அழுத்தி எடுத்தார்.

அச்சடித்த மாதிரி, சுழிசுழியாக விழுந்தது.

“யார் பாக்கப் போறாங்க. ரேகைன்னா சாட்சி வேணும், கீழ நீயே ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

 வேண்டாம் சார் என்று சொல்ல நினைத்தாள் சந்தியா. உள்ளறையில் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

எல்லம்மா கிளார்க்கின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மை படிந்த தன் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“போட்டுடு சந்தியா. மூடிடப் போறாங்கோ.”

சந்தியா பேனாவை எடுத்தாள். வழக்கம்போல இனிஷியலில் ஆரம்பித்தாள். சி என்று எழுதிப் புள்ளி வைத்தாள்.

ஜெராக்ஸின் அடியில் இருக்கும் கையெழுத்தும் அதே எழுத்தில்தான் ஆரம்பிக்கும். சின்னப்பன். அன்றைக்கு அவர்கள் குப்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். இரண்டு வருஷமாக அவள் முகம் கொடுத்துப் பேசாத நைனா.

மீதிப் பெயரையும் எழுதினாள்.

கிளார்க் படிவத்தை வாங்கி, மை காய்வதற்காக வாயால் ஊதிக்கொண்டே உள்ளே ஓடினார்.